பேங்காக்கில் கஞ்சா பிரவுனி சாப்பிட்டால் சிங்கப்பூரில் சிக்கல் வருமா? புகைப்பதைவிட அது லேசானதுதானே?

வரும். நீங்கள் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், வெளிநாட்டில் உட்கொண்டதும் இங்கே குற்றம்தான் (போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம், பிரிவு 8ஏ). “அங்கே கடையில் விற்கிறார்களே” என்ற வாதம் எடுபடாது. 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் சிறுநீர், முடி சோதனைக்குக் கூப்பிடலாம்.

லேசானது என்ற நினைப்புதான் பலரைக் கவிழ்க்கிறது. புகைத்தால் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) நுரையீரல் வழியே சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். சாப்பிட்டால் கல்லீரலில் 11-ஹைட்ராக்சி-டிஎச்சியாக மாறும். அதன் வீரியம் அதிகம். ஆனால் தலைக்கேற அரை மணியிலிருந்து 2 மணி நேரம் பிடிக்கும். “ஒன்றும் ஆகலையே” என்று அடுத்த துண்டை எடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடப்பு, வாந்தி, காரணமில்லாத பயம். 6, 8 மணி நேரம்கூட விடாது. போதாக்குறைக்கு, கஞ்சா சேர்த்த வெண்ணெய் பிரவுனி மாவில் சீராகக் கலக்காவிட்டால் ஒரே தட்டில் ஒரு துண்டு சப்பென்றும் பக்கத்துத் துண்டு கடுமையாகவும் இருக்கும்.

மிச்சத்தைப் பையில் போட்டுக் கொண்டுவருவது தனி வில்லங்கம், அது இறக்குமதிக் குற்றம். கஞ்சா 15 கிராமைத் தாண்டினால் விற்க வைத்திருந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். கடத்தியது 500 கிராமுக்கு மேல் என்றால் மரண தண்டனை வரை போகும்.