ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் போதாது: நர்சிங் படிப்பு கேள்வி பதில்

பெங்களூரில் வார்டிலும் வகுப்பிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டி, நர்சிங் டியூட்டராக ஓய்வு பெற்றவள் நான். கிறிஸ்தவக் கல்லூரியில் பிஎஸ்சி நர்சிங் சேர்வதைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி. பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் பொறுத்துக்கொள்கிறேன்.

விவேக்நகரிலிருந்து ஓர் அம்மா: மகள் இரண்டாம் பியுசி (பன்னிரண்டாம் வகுப்பு) எழுதியிருக்கிறாள், பயாலஜி உண்டு. கிறிஸ்தவக் கல்லூரிக்கு என்ன தகுதி வேண்டும், சிஸ்டர்?

கிறிஸ்தவக் கல்லூரிக்கென்று தனித் தகுதி கிடையாதம்மா. இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவுகோல்தான் எல்லோருக்கும். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 40. ஆங்கிலத்தில் பாஸ் ஆகியிருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

அந்த 45 சதவீதத்தைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். பிசிக்ஸ் 38, கெமிஸ்ட்ரி 41, பயாலஜி 60. கூட்டினால் 300-க்கு 139, அதாவது 46 சதவீதத்துக்கு மேல். தேறிவிட்டாள். கணக்குப் பாடத்தில் நூறு வாங்கியிருந்தாலும் இதில் சேராது. ஆகவே "மொத்தம் 70 பர்சன்ட்" என்று எனக்கு எழுதாதீர்கள், அந்த மூன்று பாடத்தை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது நுழைவுத் தேர்வு. 2021-ல் அரசிதழில் வந்த புதிய விதிப்படி நுழைவுத் தேர்வின் அடிப்படையில்தான் சேர்க்கை. கர்நாடகத்தில் அது கேசிஇடி, அதாவது மாநிலப் பொது நுழைவுத் தேர்வு. நிர்வாக இடம்தான் (கல்லூரியே நிரப்பும் இடம்) கேட்கப் போகிறோம் என்றாலும் கேசிஇடி எழுதி வைத்துவிடுங்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு: நாம் தமிழ், நமக்கு அரசு ஒதுக்கீடு வருமா? ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை குறைந்தது ஏழு வருடம் கர்நாடகத்தில் படித்து, பன்னிரண்டையும் இங்கேயே முடித்திருந்தால் தாராளமாகக் கேட்கலாம். வீட்டில் பேசும் மொழி அதற்குத் தடையில்லை. படித்த பள்ளிகளிலிருந்து ஸ்டடி சர்டிபிகேட்டை இப்போதே வாங்குங்கள். ஜூன் மாதம் தலைமையாசிரியர் கையெழுத்துக்கு வரிசையில் நிற்க முடியாது.

உடல் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸ், முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் ஆறு மாதம். இன்றே முதல் ஊசியைப் போட்டுவிட்டால் வார்டுக்குப் போகும்போது பயமில்லை.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை: ஒரிஜினல் மார்க் ஷீட்டை எந்த ஏஜெண்ட் கையிலும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

காக்ஸ் டவுனிலிருந்து ஒருவர்: நாங்கள் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறது. கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் உறுதிதானே?

உறுதி இல்லை ஐயா. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்த அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமையை வைத்துக் கல்லூரிகள் ஒரு பங்கு இடத்தைத் தங்கள் மக்களுக்கு ஒதுக்குகின்றன. "தங்கள் மக்கள்" யார் என்பதுதான் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கத்தோலிக்கக் கல்லூரி முதலில் பார்ப்பது கத்தோலிக்கரை, பங்குச் சாமியாரின் கடிதத்தோடு. மற்ற சபையார் அடுத்த வரிசை. எந்த வரிசையில் நின்றாலும் 45 சதவீதம் 45 சதவீதம்தான். போதகர் எவ்வளவு நல்ல கடிதம் கொடுத்தாலும் கெமிஸ்ட்ரி மார்க் ஏறாது.

வேலூர் சிஎம்சியையும் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) யோசியுங்கள். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் அங்கே நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-லேயே பட்டப் படிப்பு வந்துவிட்டது. அங்கே சபைகளும் மிஷன்களும் ஸ்பான்சர் செய்து அனுப்பும் இடங்கள் உண்டு. ஸ்பான்சர் வாங்கிப் படித்தால், முடித்தபின் அனுப்பியவர்களின் ஆஸ்பத்திரியில் சேவை செய்ய வேண்டும். அது கிராமமாக இருக்கலாம், காடாகவும் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் மகளிடம் சொல்லுங்கள். பலர் மகளைக் கேட்காமலேயே போட்டுவிடுகிறார்கள்.

சிவாஜிநகர்: மகள் காமர்ஸ். பிஎஸ்சி நர்சிங் கிடைக்குமா?

கிடைக்காது. ஆனால் மூன்று வருட ஜிஎன்எம் (பொது நர்சிங், மகப்பேறு) டிப்ளமோவுக்கு எந்த குரூப்பும் சரி. 40 சதவீதமும் ஆங்கிலமும் வேண்டும். ஜிஎன்எம் முடித்துப் பதிவு செய்தபின் இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் படித்தால் பிஎஸ்சி பட்டம் வந்துவிடும். சுற்றுவழிதான், மோசமான வழி இல்லை. என்னோடு வேலை பார்த்த சிறந்த இன்சார்ஜ்களில் பாதிப் பேர் அந்த வழியில் வந்தவர்கள்.

ஆஸ்டின் டவுன்: பையன் காமர்ஸ், 82 சதவீதம். பிஎஸ்சி?

மேலே பாருங்கள், தம்பி. 82 என்றாலும் 98 என்றாலும் அதே பதில். ஆண் பிள்ளை என்பதால் இன்னொன்று: கன்னியாஸ்திரீகள் நடத்தும் சில கல்லூரிகள் பெண்களை மட்டுமே சேர்க்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அல்சூரிலிருந்து ஒரு தந்தை: நாங்கள் இந்துக்கள், மகளுக்கு 17 வயது. கிறிஸ்தவக் கல்லூரியில் மகளைத் தினமும் ஜெபத்துக்கு வரச் சொல்வார்களாமே?

அண்ணா, சில இடங்களில் காலை ஜெபம் இருக்கும். ஹாஸ்டலில் மாலை ஜெபமும் இருக்கலாம். அரசியல் சாசனம் 28(3) என்ன சொல்கிறது என்றால், அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படிப்பவரை அவர் சம்மதம் இல்லாமல் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது. 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். உங்கள் மகளுக்கு 17. ஆகவே விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படியுங்கள். "கல்லூரியின் ஆன்மிக நிகழ்ச்சிகளில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்" என்ற வரி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

(இதற்கு மறுமொழியாக, ஒரு பழைய மாணவி: நானும் இந்துதான். சேப்பலில் நாலு வருடம் உட்கார்ந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பதினைந்து நிமிடம்தான் மூச்சுவிட நேரம் கிடைத்தது.)

(அல்சூர் தந்தை: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. விருப்பம் இருந்தால் வா என்று சொல்வதுதானே முறை?)

(ஓர் அம்மா, பெந்தெகொஸ்தே சபை: எங்களுக்கு நேர்மாறான பிரச்சினை. நர்சிங் மாணவிகள் உறுதிமொழி எடுக்கும் லாம்ப் லைட்டிங் விழாவில் குத்துவிளக்கு ஏற்றச் சொல்கிறார்கள். எங்கள் விசுவாசத்துக்கு அது ஒத்துவராது.)

இதைத்தான் எதிர்பார்த்தேன்! மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அல்சூர் அண்ணா சொல்வது நியாயம். கேட்டு, சம்மதித்து வருவதும் அழைத்துப் போவதும் ஒன்றல்ல. நான் படித்த ஹாஸ்டலில் வார்டன் அட்டெண்டன்ஸ் நோட்டோடு சேப்பல் வாசலில் நிற்பார். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வெளியே போக முடியாது. அது தப்பு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன், நான் கிறிஸ்தவள்தான். அதே ஹாஸ்டலில் என் அறைத் தோழி முஸ்லிம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் சீட்டை வைத்து மருந்து டோஸ் மனப்பாடம் செய்வாள். ரம்ஜான் மாதம் மெஸ் அக்கா அவளுக்கு விடிகாலை மூன்றரைக்குச் சோறு சூடு பண்ணிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை.

பெந்தெகொஸ்தே அம்மாவுக்கு: அந்த விளக்கு பூஜைக்கு இல்லை, புளோரன்ஸ் நைட்டிங்கேலின் நினைவுக்கு. பிள்ளைகள் கையில் பெரும்பாலும் மெழுகுவர்த்தியோ சிறு விளக்கோதான் இருக்கும்; மேடையில் குத்துவிளக்கு வைப்பது நம் ஊர்ப் பழக்கம், அதை ஏற்றுவது முக்கிய விருந்தினர். அன்று சொல்லும் உறுதிமொழியே "கடவுள் முன்னிலையில்" என்று தொடங்குவதுதான், 1893-ல் அமெரிக்காவில் எழுதியது. மகள் உறுதிமொழியைச் சொல்லி மெழுகுவர்த்தியைப் பிடித்தால் போதும். முன்கூட்டியே முதல்வரிடம் பேசுங்கள், மேடையில் வைத்துப் பேசாதீர்கள்.

இதோடு இந்தப் பேச்சை நிறுத்துகிறேன். இன்னும் பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தேன், பதில் எழுதப்போவதில்லை.

ஓசூரிலிருந்து ஒரு தந்தை: பெங்களூர்க் கல்லூரி ஒன்றின் பெயர் ஐஎன்சி (இந்திய நர்சிங் கவுன்சில்) பட்டியலில் இல்லை. ஏஜெண்ட் "கோர்ட்டே தேவையில்லை என்று சொல்லிவிட்டது" என்கிறார். உண்மையா?

பாதி உண்மை. இந்தப் பாதி உண்மைகள்தான் ஆபத்து.

2017-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், 1947-ஆம் வருட நர்சிங் கவுன்சில் சட்டப்படி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் ஐஎன்சிக்கு இல்லை, அது மாநில கவுன்சிலும் பல்கலைக்கழகமும் பார்க்க வேண்டியது என்று சொன்னது. ஆகவே ஐஎன்சி பட்டியலில் பெயர் இல்லாததாலேயே ஒரு கல்லூரி போலி என்று சொல்ல முடியாது. ஆனால் ஏஜெண்ட் விழுங்கும் மறுபாதி இது: ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் கர்நாடக நர்சிங் கவுன்சிலின் அனுமதியும் இல்லாமல் எந்தக் கோர்ட்டும் காப்பாற்றாது. பல்கலைக்கழக இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. கல்லூரிப் பெயர், எத்தனை இடம், இரண்டையும் பாருங்கள். 40 இடம் உள்ள கல்லூரியில் 90 பேரைச் சேர்த்திருந்தால் மீதி 50 பேர் எங்கே பரீட்சை எழுதுவார்கள்?

அப்புறம், சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பழைய மிஷன் கல்லூரிகளின் பலமே அதுதான். செயின்ட் மார்த்தாஸ் ஆஸ்பத்திரி 1886-லிருந்து நடக்கிறது. செயின்ட் ஜான்ஸ், ஹெப்பால் பாப்டிஸ்ட் ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் வகுப்பிலிருந்து வார்டுக்கு நடந்தே போய்விடலாம். சில இடங்களில் பிள்ளைகளைக் காலை ஐந்தரைக்கு பஸ்ஸில் ஏற்றி நகரத்தின் மறுமுனைக்கு அனுப்புகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளை என்பதால் இடப்பெயர்வுச் சான்றிதழும் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழும் தேவைப்படும். படித்து முடித்து முதலில் கர்நாடக கவுன்சிலில் பதிவு. தமிழ்நாட்டில் வேலை என்றால் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரிஜினல் யார் கையில் இருக்கிறது?

கேஜிஎஃப்: சேர்ந்துவிட்டேன், முதல் செமஸ்டர். பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும், மேடம்?

கடைசியில் ஒரு மாணவி! நாலு வருடம், எட்டு செமஸ்டர். அதிகபட்சம் எட்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பரீட்சைக்கு உட்கார தியரியில் 80 சதவீத வருகை, பிராக்டிகலிலும் 80. ஆனால் பட்டம் கைக்கு வர ஒவ்வொரு பிராக்டிகல் பகுதியிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த நாலு நாளும் பின்னால் வந்து நிற்கும். லீவில் எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது நீ போஸ்டிங் முடிப்பாய். தியரி, பிராக்டிகல் தனித்தனியாக 50 சதவீதம் பாஸ். எட்டாம் செமஸ்டர் முழுக்க 22 வாரம் இன்டர்ன்ஷிப், கிட்டத்தட்ட ஸ்டாஃப் நர்ஸ் மாதிரியே.

லாக் புக்கை அன்றன்றே எழுதி, அன்றே கையெழுத்து வாங்கு. ஊசி போட்டது நினைவிருக்கும், போட்ட தேதி நினைவிருக்காது. கையெழுத்துப் போட வேண்டிய டியூட்டர் அதற்குள் துபாய் போயிருப்பார்.

கன்னடம் கற்றுக்கொள். "எல்லி நோவு?" என்று கேட்டால் பாட்டி கையை எடுத்து வலிக்கிற இடத்தில் வைப்பார். நோவு நம்முடைய நோவுதான், பயப்படாதே.

கம்மனஹள்ளி: தம்பிக்கு நிறக்குருடு. சேர முடியுமா?

முடியும். அதைச் சரிசெய்யும் கண்ணாடியோ லென்ஸோ அணிய வேண்டும் என்பது விதி.

மர்ஃபி டவுன்: எனக்கு 38 வயது, ஏஎன்எம் (துணை நர்ஸ்) படித்தவள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஜிஎன்எம் படிக்கலாமா, அக்கா?

படிங்கம்மா. ஜிஎன்எம்முக்கு 35 வயது வரம்பு உண்டு, ஏஎன்எம் முடித்தவர்களுக்கு அது இல்லை. கல்யாணம் தடையே இல்லை. ஹாஸ்டல் கட்டாயமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீட் எழுத வேண்டுமா? (நாலு பேர்)

இங்கே கல்லூரிகளுக்கு கேசிஇடி. ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கு நீட்.

ஜெர்மனி போக...

என் துறை இல்லை. ஜெர்மன் மொழி வகுப்பு எடுப்பவரைக் கேளுங்கள்.

காமர்ஸ் எடுத்தால்...

சிவாஜிநகர் பதில்.

பனஸ்வாடியிலிருந்து ஒரு பெண்: அக்கா, இதையெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். போன மாதமே ஏஜெண்ட் என் பத்தாம், பன்னிரண்டாம் ஒரிஜினலை வாங்கிக்கொண்டார். அந்தக் கல்லூரி வேண்டாம் என்று சொன்னால் 40,000 ரூபாய் கேட்கிறார்.

காசு கொடுக்காதே. இன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில், "இந்தத் தேதியில் என் இந்தச் சான்றிதழ்களை வாங்கினீர்கள், திருப்பித் தாருங்கள்" என்று எழுது. பதில் எதுவானாலும் ஸ்கிரீன்ஷாட் எடு. நாளை அப்பாவோடோ மாமாவோடோ நேரில் போ, தனியாகப் போகாதே. தரவில்லை என்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு போலீஸ் ஸ்டேஷன். கல்லூரி ஆபீசில் இருக்கிறது என்று அவர் சொன்னால் கல்லூரிக்கே போ. ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்திருக்கிறது. இதற்கிடையில் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் மார்க் ஷீட் கிடைக்கிறதா பார், வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்க இப்போதைக்கு அது உதவும்.

ஒரிஜினல் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி போடு. அதுவரை வேறு கேள்விகளை எடுக்கப்போவதில்லை.