தங்க முலாம், கோல்டு ஃபில்டு, வெர்மெய்: மூன்றும் ஒன்றா?

இல்லை. மூன்றிலும் மேலே தெரிவது தங்கம்தான். அதன் தடிமனும் அடியில் இருக்கும் உலோகமும் வேறு. சாதாரண முலாம் பித்தளை அல்லது செம்பின் மீது மின்சாரத்தால் படியவைக்கும் பூச்சு. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு என்பதால், ஓயாமல் உரசும் மோதிரத்தில் அடி உலோகம் சீக்கிரமே பல்லிளித்துவிடும். வெர்மெய்யும் முலாம்தான், ஆனால் அடியில் 92.5 சதவீத வெள்ளி. அமெரிக்க விதிப்படி தங்கம் குறைந்தது 2.5 மைக்ரான்.

கோல்டு ஃபில்டு என்றால் உள்ளே தங்கம் நிரப்பியது என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தங்கத் தகட்டைப் பித்தளையோடு பிணைக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி இந்தத் தகடு மொத்த எடையில் 5 சதவீதமாவது இருக்க வேண்டும். கம்பி வளைத்து நகை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வெட்டிய முனையில் மட்டும் பித்தளை தெரியும், அதை உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.