மார்மலேட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புயலுக்கு ஒதுங்கிய கப்பலிலிருந்து வாங்கிய ஆரஞ்சுப் பழங்களைக் கொண்டு, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஒரு பெண்மணிதான் மார்மலேடை, அதாவது ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரையுடன் காய்ச்சிச் செய்யும் ஜாம் வகையை, கண்டுபிடித்தார் என்று படித்தேன். உண்மைதானா?

பதில்: அந்தப் பெண்மணியின் பெயர் ஜேனட் கீலர். அவர் குடும்பத்தார் 1797-இல் தொடங்கிய நிறுவனம், தோல் துண்டுகள் மிதக்கும் ஆரஞ்சு மார்மலேடைப் பெருமளவில் தயாரித்து விற்றுப் புகழ்பெற்றது. அந்தப் பெருமை அவர்களுக்கு முழுமையாக உரியது. ஆனால் மார்மலேடைக் கண்டுபிடித்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. எலைசா சம்லி என்ற பெண்மணி ஆரஞ்சு மார்மலேட் செய்முறையை 1677-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்னர், போர்ச்சுகலில் பேரிக்காயைப் போன்ற குவின்ஸ் பழத்தைச் சர்க்கரையுடன் கிளறிச் செய்த, கத்தியால் அறுத்து உண்ணும் அளவுக்குக் கெட்டியான இனிப்பே இப்பெயரில் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கடல் கடந்து சென்றது. 1524-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எக்ஸெட்டர் நகரத்தவர் ஒருவர் அத்தகைய பெட்டி ஒன்றைப் பரிசாக அளித்தார்.

கேள்வி: இனிப்பு ஆரஞ்சு தாராளமாகக் கிடைக்கும்போது கசப்பு ஆரஞ்சை ஏன் தேட வேண்டும்?

பதில்: மார்மலேடின் உயிரே அந்தக் கசப்பில்தான் இருக்கிறது; இனிப்பு ஆரஞ்சில் செய்ததை அப்பெயரால் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஸ்பெயினின் செவில் நகரத்துக் கசப்பு ஆரஞ்சில், பாகை இறுகச் செய்யும் பெக்டின் மிகுந்திருக்கிறது. அது விதைகளிலும் தோலுக்கு உட்புறமுள்ள வெண்பகுதியிலும் செறிந்திருப்பதால், அவற்றை மெல்லிய துணியில் முடிந்து, நறுக்கிய தோலோடு சேர்த்து வேகவைப்பார்கள். விரலால் நசுக்கினால் குழையும் வரை தோல் வெந்த பிறகே சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் தோல் விறைத்துவிடும், அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் மென்மையாகாது. ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பதம் வரும். குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுச் சற்று ஆறியபின் விரலால் தள்ளும்போது, அதன் மேல் சுருக்கம் விழுந்தால் உடனே அடுப்பிலிருந்து இறக்கிவிடலாம்.

கேள்வி: பாடிங்டன் என்னும் கரடிக்கும் மார்மலேடுக்கும் என்ன தொடர்பு?

பதில்: மைக்கேல் பாண்ட் 1958-இல் வெளியிட்ட சிறுவர் நூலில், பெரு நாட்டிலிருந்து லண்டன் ரயில் நிலையத்துக்கு வந்துசேரும் அந்தக் கரடிக்கு மார்மலேட் என்றால் கொள்ளை ஆசை, அவசரத்துக்கு உதவும் என்று தொப்பிக்குள் ஒரு மார்மலேட் சாண்ட்விச்சை வைத்திருப்பது அதன் வழக்கம். 2022 ஜூனில், அரியணை ஏறிய 70 ஆண்டு நிறைவு விழாவுக்கென எடுத்த குறும்படத்தில், அரசி இரண்டாம் எலிசபெத் தம் கைப்பையிலிருந்தும் அப்படி ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்தக் காட்சி மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தபோது அஞ்சலி செலுத்த வந்த பலர் மலர்களோடு மார்மலேட் சாண்ட்விச்சுகளையும் வைத்துச் சென்றனர்; உணவுப் பொருள்களை விட்டுச் செல்ல வேண்டாம் என்று லண்டனின் அரச பூங்காக்களின் நிர்வாகமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.