அவியலில் தயிர் ஊற்ற வேண்டுமா?

ஆக்குப்புரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டு அவியலில் மாங்காய் போடுவோம். மாங்காய் கிடைக்காத மாதத்தில் கொஞ்சம் புளித்தண்ணீர். மகனோடு வேலை பார்க்கிற திருவனந்தபுரத்து நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். “தயிர் ஊற்றாதது அவியலே இல்லை, இது தமிழ்நாட்டுக் கூட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார். மனசு ஆறவில்லை. எதுதான் சரியான அவியல்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: நீங்கள் வைத்தது அவியல்தான் அக்கா. அதில் சந்தேகமே வேண்டாம்.

தக்கலையில் இருக்கிற ஒருவர் இப்படிக் கேட்க வேண்டி வந்ததுதான் எனக்கு வருத்தம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. 1795 வரை திருவிதாங்கூருக்கு அதுதான் தலைநகர். இன்றைய குமரி மாவட்டமான அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டைப் பக்கமும் அன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வந்தது. எல்லை மாறியது, சரி. அடுப்பில் இருந்த கறி எதற்காக மாற வேண்டும்?

புளிப்பு ஊருக்கு ஊர் வேறுபடும். பாலக்காட்டில் பல வீடுகளில் மஞ்சள்கூடப் போடாமல், புளித்த தயிர் ஊற்றி, வெள்ளையாகக் கெட்டியாக வைப்பார்கள். அருமையாக இருக்கும். திருவனந்தபுரத்திலேயே மாங்காய் போடுகிற வீடுகள் உண்டு. நம்ம பக்கம் மாங்காய், அது இல்லாவிட்டால் புளிச்சிக்காய் (பிலிம்பி), அதுவும் இல்லாவிட்டால் புளி. என் அப்பா கல்யாண வீடுகளுக்குச் சமைத்தவர். பந்தி மூன்று, நான்கு என்று நீளும்போது தயிர் ஊற்றின அவியல் மேலும் புளித்துக்கொண்டே போகும், மாங்காய் போட்டது வைத்தபடி நிற்கும் என்பார். நானும் ஆக்குப்புரையில், அந்தக் கல்யாணச் சமையல் கொட்டகையில், அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவியல் பிறந்த கதை என்று இரண்டு சொல்வார்கள். விராட மன்னன் மடைப்பள்ளியில் பீமன் வைத்தது என்பது ஒன்று. பத்மநாபசுவாமி கோயிலில் முறைஜபம் என்ற வேத பாராயண விழாவின்போது கறி போதாமல், மிச்சம் கிடந்த காய்களையெல்லாம் சேர்த்து அரண்மனைச் சமையல்காரர் ஒருவர் ஒப்பேற்றினார் என்பது இன்னொன்று. இரண்டும் வாய்வழிக் கதை. ஆனால் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள் என்று இரண்டுமே சொல்கின்றன. அப்படிப் பிறந்த ஒரு கறிக்குப் பட்டியல் போட்டு, இது இல்லாவிட்டால் தள்ளு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அதற்காக எதை வைத்தாலும் அவியல் ஆகிவிடாது. கூட்டுக்குப் பருப்பு உண்டு, தாளிப்பு உண்டு. அவியலுக்கு இரண்டும் கிடையாது. காயெல்லாம் ஒரே அளவில் விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். தண்ணீரைத் தெளித்த மாதிரி விட்டு, மூடி, காய் தன் நீரிலேயே வேக வேண்டும். சேனையும் வாழைக்காயும் முதலில், முருங்கைக்காயும் கத்திரிக்காயும் அடுத்து, வெள்ளரிக்காய் கடைசியில். மாங்காயை முதலிலேயே போட்டுவிட்டால் அந்தப் புளிப்பில் மற்ற காய் வேகாமல் விறைத்து நிற்கும். முக்கால் பதம் வெந்த பிறகுதான் அதைப் போட வேண்டும். தேங்காய், ஜீரகம், பச்சை மிளகாய், இரண்டு உள்ளி (சின்ன வெங்காயம்), எல்லாவற்றையும் அம்மியில் சதைத்தால் போதும். மை போல அரைத்துவிட்டால் குழம்பாகிவிடும். இறக்கும்போது கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெயைச் சுற்றி ஊற்றி உடனே மூடிவிட வேண்டும். அஞ்சு நிமிஷம் கழித்துத் திறக்கும்போது வருகிற மணம் இருக்கிறதே, அதை வைத்துத்தான் நான் அவியலா இல்லையா என்று சொல்வேன்.

அந்த நண்பர் அடுத்த தடவை வந்தால் இதே அவியலை மறுபடியும் வையுங்கள். தயிரைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: அவியலில் கேரட், பீன்ஸ் போட்டால் பாரம்பரியம் கெட்டுவிடும் என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, கோவை

பதில்: பச்சை மிளகாயே 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மூலம் வந்ததுதான். அதற்கு முன்னால் இங்கே காரத்துக்கு நல்லமிளகுதான். மிளகாயை ஏற்றுக்கொண்ட அவியல் பீன்ஸை ஏற்காதா? போடுங்கள். கேரட் இனிக்கும், அதனால் குறைவாக. பீட்ரூட் வேண்டாம், எல்லாம் சிவந்துவிடும். வெண்டைக்காயும் வேண்டாம், வழவழப்பு இறங்கும். மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். அவர் காய்களின் ருசி கலைந்துவிடுமே என்று பயப்படுகிறார், அந்தப் பயம் நியாயமானது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு வாங்குகிறார்களே, நாஞ்சில் நாட்டு அவியலுக்கும் வாங்கிவிட்டால் இந்தச் சண்டை ஓயுமே?
– வாசகர், சாலை, திருவனந்தபுரம்

பதில்: ஓயாது அண்ணாச்சி, கூடும். நம் மாவட்டத்து மட்டிப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்கும் உண்டு. அது எனக்குப் பெருமை. மண்ணும் மழையும் சேர்ந்து கொடுக்கிற குணம் அது, வேறு ஊரில் நட்டால் அதே பழம் வராது. திருப்பதி லட்டு 2009-இல் வாங்கியது, பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019-இல் வாங்கின. அவையெல்லாம் ஓர் ஊரில், ஒரு முறையில், விற்பதற்காகவோ பிரசாதமாகவோ செய்கிற பண்டம். பெயரைத் திருடி வேறு ஒருவர் விற்றால் செய்கிறவர் வயிற்றில் அடி விழும். அவியல் வீட்டுக் கறி. அதற்குச் சட்டம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இரணியலும் குழித்துறையும் மோதிக்கொள்ளும். எந்த வீட்டு அம்மியை அளவாக வைப்பீர்கள்?

கேள்வி: மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் நம் மண்ணின் பாரம்பரிய உணவு என்று ஹோட்டலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது தென் அமெரிக்கக் கிழங்கு, பாரம்பரியம் என்பது பொய் என்கிறான் கல்லூரியில் படிக்கும் பேரன். என்ன சொல்வது?
– வாசகர், கருங்கல்

பதில்: பேரன் சொன்ன பாதி சரி. கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மீதிப் பாதியை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், இந்தக் கிழங்கைப் பயிர் செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தினார். அரிசி கிடைக்காத ஏழைகளின் வயிறு நிறைய வேண்டும் என்பதுதான் காரணம். அப்புறம் இரண்டாம் உலகப்போர். திருவிதாங்கூர் அரிசிக்குப் பர்மாவை நம்பியிருந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுபோனது. அந்தப் பஞ்ச காலத்தில் பல குடும்பங்களைப் பிழைக்க வைத்தது மரச்சீனி. என் ஆச்சி கடைசி வரைக்கும் மரச்சீனியைக் கீழே சிந்த விடமாட்டாள். சோறு சிந்தினால் திட்டுவாள், மரச்சீனி சிந்தினால் தானே குனிந்து பொறுக்குவாள். பஞ்சத்தில் ஒரு தலைமுறையைக் காப்பாற்றிய கிழங்கு பாரம்பரியம் இல்லை என்றால், வேறு எதை அப்படிச் சொல்வது?

பேரனுக்குச் சமைக்கவும் கற்றுக் கொடுங்கள். தோலை உரித்து, நடு நரம்பை எடுத்து, துண்டு போட்டு, கிழங்கு மூழ்கத் தாராளமாகத் தண்ணீர் விட்டு, மூடாமல் வேக வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் சயனைடு உண்டாக்குகிற பொருள் இருக்கிறது, கசக்கிற கிழங்கில் அதிகம். கசந்தால் சாப்பிடவே வேண்டாம். உப்பு கடைசியில். சாளைக் கறி முதல் நாள் ராத்திரியே வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மார்த்தாண்டத்துக்காரன், மஸ்கட்டில் இருக்கிறேன். கடையில் விற்கிற தீயல் பொடியும் காய்ந்த தேங்காய்த் தூளும் வைத்துத் தீயல் வைத்தேன். அம்மா வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு “இது தீயல் இல்ல மக்ளே” என்றாள். எதுவும் அவியலாகலாம் என்று எழுதுகிற நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், மஸ்கட்

பதில்: அம்மா சொன்னதுதான் சரி தம்பி. எதுவும் அவியலாகலாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. காயை மாற்றுங்கள், புளிப்பை மாற்றுங்கள். கைவேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றுதான் எழுதி வருகிறேன்.

தீயல் என்றால் தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற புளிக்குழம்பு. அதில் உள்ளி போடலாம், பாகற்காய் போடலாம், கத்திரிக்காய் போடலாம், எறாலும் போடலாம். ஆனால் தேங்காயை நீங்கள் வறுத்தே ஆக வேண்டும். விளைந்த தேங்காய்த் துருவலை இரும்புச் சட்டியில், சின்னத் தீயில், கையை எடுக்காமல் கிளற வேண்டும். முதலில் ஈரம் போகும், சட்டியிலிருந்து ஆவி வரும். பிறகு ஓரத்தில் பொன்னிறம் தட்டும். அப்போது பசி எடுக்கிற மாதிரி ஒரு மணம் வரும், நிறைய பேர் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். இன்னும் பொறுக்க வேண்டும். காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகிற சமயத்தில் மல்லி, மிளகாய் வத்தல், நாலு நல்லமிளகு போட்டு, இரண்டு புரட்டுப் புரட்டி, உடனே வேறு பாத்திரத்தில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிக் கசந்துவிடும். ஆறிய பிறகு தண்ணீர் விடாமல் எண்ணெய் கசிகிற வரைக்கும் அரைக்க வேண்டும்.

காய்ந்த தூளில் ஈரம் இல்லை. அதனால் போட்ட கொஞ்ச நேரத்தில் நிறம் மாறிவிடும், மணம் ஊறி வர நேரமே கிடைக்காது. பொடியாக விற்பதை என்றைக்கோ வறுத்திருப்பார்கள், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மஸ்கட்டில் ஃப்ரீசரில் வைத்த தேங்காய்த் துருவல் கிடைத்தால் அது போதும். தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட்டு வறுங்கள். வறுக்கும்போது அம்மாவுக்கு வீடியோ போட்டு, எப்போது இறக்க வேண்டும் என்று கேளுங்கள். நிறம் பார்த்துச் சொல்வார்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெயில் பொரித்தது என்று போர்டு வைத்த கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினேன். பாக்கெட்டின் பின்னால் பாமோலின் என்று இருந்தது. கேட்டால், “எல்லா ஊரிலும் இப்போ இதுதான்” என்கிறார்கள்.
– வாசகி, களியக்காவிளை

பதில்: இது ருசிச் சண்டை இல்லை, ஏமாற்று. பாமோலினில் பொரித்து, பாமோலின் என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்கட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை. பாக்கெட்டில் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துப் பார்த்தீர்களே, மிகவும் சரி. பாக்கெட்டைப் படமெடுத்து, பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மகளுக்குக் கல்யாணம் நாகர்கோவிலில். மாப்பிள்ளை வீட்டார் பாலக்காடு. அவியலில் தயிர் இருந்தால்தான் எங்கள் ஆட்கள் தொடுவார்கள் என்கிறார் சம்பந்தியம்மா. என் அண்ணன், நம் ஊர்ப் பந்தியில் நம் அவியல்தான், மாற்றினால் நான் வரமாட்டேன் என்கிறார். நடுவில் நான் தவிக்கிறேன்.
– வாசகி, கோட்டாறு

பதில்: ஒரே இலையில் இரண்டு அவியல் வைக்கிற யோசனை மட்டும் வேண்டாம். யாருடையது காலியானது, யாருடையது மிஞ்சியது என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முகூர்த்தச் சாப்பாடு நீங்கள் போடுவது, அதில் உங்கள் அவியல் இருக்கட்டும். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது போடுகிற சாப்பாட்டில் அவர்கள் ஊர் அவியல். அதற்குச் சம்பந்தியம்மாவிடமே அளவு கேளுங்கள். “உங்க கைப்பக்குவம் சொல்லுங்க, நான் சமையல் செய்கிற தவசிப்பிள்ளையிடம் சொல்லி வைக்கச் சொல்றேன்” என்று நீங்களே ஃபோன் பண்ணுங்கள், வேறு யாரையும் விட்டுச் சொல்லாதீர்கள். அப்படியே, முகூர்த்தத்தன்று அவர்கள் உள்ளி சேர்ப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் அன்றைக்குச் சேர்க்கமாட்டார்கள். அப்படியானால் அண்ணனிடம் சொல்லி, அன்றைய அவியலில் உள்ளியை மட்டும் விட்டுவிடுங்கள், மாங்காய் இருந்தால் ருசி ஒன்றும் குறையாது. மதியப் பந்தியில் தயிர் இல்லையே என்ற குறை வராமல் இருக்க தயிரில் வைக்கிற காளன் ஒன்று வையுங்கள், கெட்டியாக, சேனையும் நேந்திரங்காயும் போட்டு. அதை உங்கள் அண்ணனும் விரும்பிச் சாப்பிடுவார்.

ராத்திரி அவியலுக்குத் தவசிப்பிள்ளையிடம் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுங்கள், நம் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கம் இருக்காது. தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து வைத்துக்கொண்டு, வார்ப்புப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கின பிறகுதான் ஊற்ற வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் திரிந்து தண்ணீர் விட்டுவிடும். ஊற்றின பிறகு திரும்பச் சூடு பண்ணவும் கூடாது. அதனால் விருந்தாளிகள் வண்டி வந்து நின்ற பிறகு தயிரை ஊற்றினால் போதும்.