பனிக்கு அடியில் இருக்கும் சூடு: சில கேள்விகளும் பதில்களும்

பருத்தித்துறை மாணவி: சேர், காற்று சூடாவதால்தானே துருவத்தில் கடற்பனி கரைகிறது? கடலுக்கு அதில் என்ன வேலை?

காற்று மேலேயிருந்து உருக்குகிறது பிள்ளை, கடல் கீழேயிருந்து. மனிதரால் பூமியில் சேர்ந்த மேலதிக வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. கோடையில் பனி விலகிய இடத்தில் கறுப்பாகத் தெரியும் கடல்நீர் வெயிலை உறிஞ்சி, பக்கத்துப் பனியின் அடியைக் கரைக்கும்.

குருநகரிலிருந்து ஒருவர்: சூடான தண்ணீர் மேலேதானே நிற்கும்? அங்கே மட்டும் எப்படி அடியில் சூடு?

நல்ல கேள்வி அண்ணை. உறையும் நிலைக்குக் கிட்ட வந்துவிட்டால் எந்த நீர் பாரம் என்பதைச் சூட்டைவிட உப்புத்தான் முடிவு செய்யும். அத்திலாந்திக்கிலிருந்து, கிறீன்லாந்துக்குக் கிழக்கேயுள்ள பிராம் நீரிணை வழியாகவும் நோர்வேக்கு வடக்கேயுள்ள பேரன்ட்ஸ் கடல் வழியாகவும் ஆட்டிக் என்கிற வடதுருவக் கடலுக்குள் வரும் நீர் சூடு கூடியது, உப்பும் கூடியது. அதனால் ஆழத்தில் போய்த் தங்கிவிடுகிறது. நோர்வேக்காரர் நன்சன், 1893 முதல் 1896 வரை, கப்பலைப் பனியில் உறையவிட்டு அதோடு மிதந்துபோனபோதே இதை அளந்து கண்டார். அதற்கு மேலே ஆற்று நீரும் பனி உருகிய நீரும் கலந்த, உப்புக் குறைந்த குளிர்நீர் ஒரு படையாகக் கிடக்கிறது. எங்கட கிணறுகளில் உவர்நீருக்கு மேலே நன்னீர் நிற்பதுபோலத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வந்துவிடும் அல்லவா? ஆட்டிக்கில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. பனி குறைந்து கடல் திறந்தால் காற்று நேராக நீரைக் கலக்கும், குளிர்ப்படை மெலியும், கீழே உள்ள சூடு பனியைத் தொடும். பேரன்ட்ஸ் கடலிலும் அதற்குக் கிழக்கேயும் இப்போது இதுதான் நடக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் கூடிய கவலை இதில்தான். அந்தச் சூடு இனிமேல் வரவேண்டியதில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

நல்லூரிலிருந்து: மாரியில் திரும்ப உறைந்துவிடும்தானே?

உறையும். ஆனால் கடல்நீர் உறைய, பூச்சியத்துக்குக் கீழே 1.8 பாகை செல்சியஸ் வரை குளிரவேண்டும். கோடையில் சேர்ந்த சூடு வெளியேறும்வரை உறைவது பிந்தும், உறைகிற பனியும் மெல்லிதாக இருக்கும், அடுத்த கோடையில் கெதியாகக் கரையும். 2012 செப்டெம்பரில் ஆட்டிக் பனிப்பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது.

மண்டைதீவிலிருந்து ஒரு அம்மா: அது கரைந்தால் எங்கட பக்கம் கடல் ஏறுமா தம்பி?

கடற்பனியால் ஏறாது என்றே சொல்லலாம் அம்மா, அது ஏற்கெனவே மிதக்கிற பனி. பயம் தரைப்பனியில்தான். மேற்கு அந்தாட்டிக்காவில் துவெயிட்ஸ், பைன் ஐலண்ட் பனியாறுகளின் மிதக்கும் முனைகளை ஆழத்துச் சூட்டுநீர் அடியில் அரிக்கிறது. முனை மெலிய மெலிய, பின்னால் தரையில் கிடக்கும் பனி வேகமாகக் கடலில் இறங்கும். அப்போது ஏறும் தண்ணீர் மண்டைதீவுக் கரைக்கும் வரும்.