ஆரக்காலும் நாடாவும்

அன்புள்ள ஐயா,

கோவையில் பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறேன். ஊர் சென்னிமலை. ரேடியஸ் என்றால் கணக்கில் வட்டத்தின் ஆரம், அனாட்டமியில் முன்கை எலும்பு, பூச்சியியலில் இறக்கை நரம்பு. ரேடியம், ரேடியோவும் அதே வேர் என்கிறார்கள். வண்டியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரும் அதுதானா? ஒரே சொல்லை வைத்து மாணவர்களை ஏன் குழப்ப வேண்டும்? தமிழிலாவது தனித்தனிப் பெயர் வைக்கக் கூடாதா? லத்தீன் கற்றால் உதவுமா?

அம்மணி,

நெசவு ஊரான சென்னிமலையில் பிறந்துவிட்டு இதைக் கேட்கிறீர்களே என்று முதலில் கோபம்தான் வந்தது. ரேடியஸுக்கு லத்தீனில் நாடா என்றும் பொருள் உண்டு. தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறதே, அதே நாடா. சக்கரத்தின் ஆரக்கால், கணக்குப் போடுகிறவர் மணலில் கோடிழுக்கும் குச்சி, சேவல் காலின் முள், வெயில் கதிர் எல்லாமே ரேடியஸ்தான். கதிர் என்ற பொருளை எடுத்துக்கொண்டு 1898இல் கியூரி தம்பதி ரேடியத்துக்குப் பெயர் வைத்தார்கள். ரேடியோவும் அந்த வழிதான். பூச்சி இறக்கையை விடுங்கள், உங்கள் தேர்வில் வராது.

தமிழில் தனித்தனிப் பெயர் எதற்கு? நம் கணக்குப் புத்தகத்து ஆரமும் ஆரக்கால்தான். இலங்கைப் பாடநூல்களில் அதுவே ஆரை. கையில் இருப்பது ஆரை எலும்பு. இதனால் யாரும் வட்டத்துக்கு மாவுக்கட்டு போட்டுவிடவில்லை. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? சொந்தக் கையைப் பார்த்தீர்களா?

முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, உள்ளங்கையை மேலே காட்டுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளான ரேடியஸும் அல்னாவும் பக்கம் பக்கமாகக் கிடக்கும். இப்போது கையைக் கவிழுங்கள். அல்னா ஏறக்குறைய அங்கேயே நிற்கும், கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் மட்டும் அதன்மேல் குறுக்கே புரண்டு வரும். மறு கையால் பிடித்துக்கொண்டே செய்யுங்கள். செய்தாயிற்றா? இன்னொரு தடவை.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, குழித்தறி நெய்தவர். ஒரு மழை நாளில் வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் முறிந்தது. ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் 1814இல் விவரித்த அதே முறிவு. எக்ஸ்ரே வர அப்போது இன்னும் 81 ஆண்டு இருந்தது. மனுஷர் கையால் தொட்டு அறிந்ததை வைத்தே எழுதிவிட்டார். அப்புச்சிக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, கோணலாக. சோற்றை அள்ளுவார், கூலிக் காசை வாங்க உள்ளங்கை நிமிராது. நாடா எறிவது அதோடு போயிற்று. கட்டு அவிழ்த்த பிறகு, அந்தக் கையைத் தினமும் திருப்பிப் பழக்க எங்களுக்கு ஆள் இல்லை. நீங்கள் படிப்பது அந்த வேலைக்கு, கண்ணு. பெயருக்காக மலைத்து உட்காராதீர்கள்.

லத்தீன்? நேரமிருந்தால் படியுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தறிக்காரர் ஒருவரிடம் கேட்டு, வேலை செய்கிற அவர் முன்கையைத் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், அந்த ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள், அவ்வளவுதான்.