டாக்டர் பதில்கள்: நடிப்பு இல்லை அம்மணி!

கேள்வி: நாங்கள் விசைத்தறி ஓட்டுகிறோம். பாவு நூல் கொடுக்கிறவரிடமிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது, பாத்ரூமுக்கு ஓடுகிறேன். தொண்டையில் நெல்லிக்காய் மாட்டிக்கொண்ட மாதிரி அடைப்பு வேறு. எண்டோஸ்கோப்பி எடுத்தும் ஒன்றுமில்லை என்கிறார்கள். "சும்மா நடிக்காதே" என்கிறார் வீட்டுக்காரர். எல்லாம் என் கற்பனைதானா?
- பெயர் வேண்டாம், சோமனூர்

பதில்: கற்பனையும் இல்லை, நடிப்பும் இல்லை அம்மணி. எண்டோஸ்கோப்பியில் புண்ணும் கட்டியும் தெரியும். போன் அடிக்கிற நேரத்தில் உங்கள் குடல் படும் பாடு அதில் எப்படித் தெரியும்?

அந்தப் பாட்டைக் கண்ணால் பார்த்த டாக்டர் ஒருவர் உண்டு. 1822-ல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில், விலங்குத் தோல் வாங்கும் கடையொன்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் ஓட்டை விழுந்தது. ஆள் பிழைத்துவிட்டார், ஓட்டை மட்டும் மூடவேயில்லை. வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் விடுவாரா? வருடக்கணக்கில் அதன் வழியாக இரைப்பைக்குள் பார்த்து எழுதி வைத்தார். மார்ட்டினுக்குக் கோபமோ பயமோ வந்தால் இரைப்பையின் உள்சுவர் நிறம் மாறியது, செரிமான நீர் குறைந்தது. (பட்டு நூலில் கறித்துண்டைக் கட்டி ஒருத்தர் சதா வயிற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது!)

பயந்தால் அட்ரினலின் ஏறும். ரத்தம் குடலை விட்டுக் கைகால் தசைகளுக்குப் போகும். இரைப்பை மந்தமாகும், பெருங்குடலோ வேகமெடுக்கும். உங்கள் ஓட்டத்துக்குக் காரணம் அதுதான். தொண்டை அடைப்பு பெரும்பாலும் அங்குள்ள தசை இறுகுவதால் வருவது. சோறு உண்ணும்போது அந்த நெல்லிக்காய் காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். போனால் பயப்பட வேண்டியதில்லை. எச்சிலை விழுங்கி விழுங்கிச் சோதிக்காதீர்கள், இன்னும் இறுகும். ஒரு வாய் வெந்நீர் குடியுங்கள். சாப்பாடே சிக்கினாலோ, குரல் கம்மினாலோ, எடை இறங்கினாலோ தொண்டை டாக்டரிடம் மறுபடி போய்த்தான் ஆக வேண்டும். போனை எடுக்கும் முன் மூச்சை நீளமாக, மெதுவாக வெளியே விட்டுப் பாருங்கள். படபடப்பு கொஞ்சம் அடங்கும்.

அப்புறம், வீட்டுக்காரருக்கு ஒன்று: கூலி பாக்கி வராத வாரம் உங்களுக்குப் பின்கழுத்து பிடித்துக்கொள்வதில்லையா? தைலம் தேய்த்து நீவிவிடச் சொல்வது யாரிடம்?

கேள்வி: அப்பா தவறியபோது எனக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்கிறார்கள் பங்காளிகள்.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பந்தலுக்குச் சொன்னது, ஒரம்பரைக்குப் போன் போட்டது, மயானத்துக்கு ஏற்பாடு செய்தது எல்லாம் நீங்களாகத்தான் இருக்கும். அப்படி ஓடியாடுகிறவருக்கு அழுகை கருமாதியெல்லாம் முடிந்து, வண்டி ஓட்டும்போது வரலாம். வராமலும் போகலாம். இரண்டுமே சகஜம். பங்காளிகள் பேச்சை விட்டுத் தள்ளுங்கள். பசி, தூக்கம் எப்படி இருக்கிறது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, எழுதுங்கள்.